அரைப் பேர்

வருகைத் தாள் ஒன்று. பேனா ஒன்று.
நூற்று நாற்பத்து மூன்று பேர்.
முன்வரிசையில் தொடங்கிக்
கை மாறிக் கை மாறிக்
கடைசி வாங்குக்கு வரும்போது
பேனா இளஞ்சூடாக இருக்கும்.

திங்களன்று நிமேஷா தும்மினாள்.
செவ்வாய், அவள் பக்கத்தில் இருந்தவள்.
புதனன்று விரிவுரை மண்டபம் முழுக்கத்
தவளைக்குளம்.
ஒருவரும் எழுந்து போகவில்லை.
எண்பது வீத வரவு இல்லாவிட்டால்
பரீட்சைக்கு விடமாட்டார்கள்.
மருத்துவச் சான்றிதழ் வாங்கலாம்தான்,
அதற்குக் காய்ச்சலோடு போய்க்
காய்ச்சல்காரர் வரிசையில்
இரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டும்.
அதைவிட இங்கேயே இருமலாம்.

சுகாதார நிலையச் சுவரில்
மும்மொழியிலும் ஒட்டியிருந்தார்கள்.
தமிழில் மட்டும் இப்படி:
"இரும்பும் போது வாயை மூடவும்."
நானும் பஸ்மினாவும் சிரித்தோம்.
சிரிப்பு இருமலாகி
இரண்டு பேரும் வாயை மூடினோம்.
பிழையோடும் வேலை செய்தது அறிவித்தல்.
திருத்தப் பேனா கேட்டேன்.
"இந்தக் கிழமை யாருக்கும் பேனா தருவதில்லை"
என்றார் மருந்து கொடுப்பவர்.
அந்தக் கட்டிடத்தில்
நோயைப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

அன்றிரவு எனக்கு நூற்றிரண்டு பாகை.
அறையில் நான்கு கட்டில், இடையில் ஒரு முழம்.
தலைமாடு கால்மாடு மாற்றிப் படுத்தோம்,
என் மூச்சு யதுகாவின் பாதத்துக்குப் போனது.
மட்டக்களப்பு வெயிலில் வளர்ந்தவள் அவள்.
இரண்டு போர்வைக்குள் பல்லடித்துக்கொண்டே
யன்னலைத் திறந்து வைத்தாள்.
ஹந்தானைப் பனி உள்ளே வந்து
ஐந்தாவது ஆளாகப் படுத்துக்கொண்டது.

நிமேஷா, தான் தொடங்கி வைத்தது என்று
குற்ற உணர்வில் இருந்தாள்.
பழைய காலுறைக்குள் சவர்க்காரம் போட்டு
மாடிக் குழாயில் கட்டிவிட்டாள்.
காலையில் காலுறை இருந்தது.
மறுபடி கட்டினாள்.

பீடாதிபதிக்குக் கடிதம் எழுதினோம்:
இரண்டு கிழமைக்கு வருகைத் தாள் வேண்டாம்,
இருமுகிறவர்கள் படுத்திருக்கட்டும்.
அறுபத்தொரு கையொப்பம்.
கொடுத்துவிட்டு வரும்போதுதான் யதுகா கேட்டாள்,
எல்லாரும் ஒரே பேனாவாலதானே வச்சம் என்று.

வெள்ளி. நோன்மதியோடு சேர்ந்து
மூன்று நாள் விடுமுறை.
பை கட்டியாயிற்று. ஹற்றன் பஸ் இரண்டரைக்கு.
லயத்தில் அக்காவின் பிள்ளைக்கு
முப்பத்தெட்டு நாள்.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்
யார் தலையை எந்தப் பக்கம் மாற்றுவது?
பையை அவிழ்த்தேன்.
பஸ்மினா கஞ்சியைக் கதவடியில் கதிரைமேல் வைத்து
இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
படியிறங்கி ஊருக்குப் போனாள்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.
"வரலையா? சரி, வராத.
பச்சப் புள்ள இருக்கு.
கிளாசுக்குப் போகாட்டி பேரு போடுவாங்களா?"
கடிதம் கொடுத்திருக்கோம்மா.
"என்னா சொன்னாங்க?"
பார்ப்பாங்களாம்.
"அப்ப பார்ப்பாங்க."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்,
அங்கேயும் இங்கேயும்.

"எனக்கும் ரெண்டு நாளா ஒடம்பு சுடுது.
நேத்து மலையில நிக்கவே முடியல,
எட்டுக் கிலோதான். அரைப் பேரு."
நாளைக்கு வீட்ல இருங்கம்மா.
"இருந்தா அந்த அரையும் இல்லியே."

யாருக்குக் கடிதம் எழுதுவது,
எத்தனை கையொப்பம் வேண்டும் என்று
காய்ச்சல் தலையால் யோசித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ஒரு இருமல் கேட்டது,
நீளமாக, ஆனால் எங்கேயோ தூரத்தில்.

போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு
மறுபக்கம் திரும்பி
இருமுகிறாள் அம்மா,
எனக்குத் தொற்றிவிடக் கூடாதாம்.